ஃபியூஸ் கட்டையில தடிக்கம்பியும், தூண்டில்ல அம்பது பவுண்டு நரம்பும்

இன்னிக்கு ஒரு சின்னச் சண்டை போடப் போறேன். அரசியல் இல்லை, சினிமா இல்லை, தூண்டில் நரம்புதான். சிரிக்காதீங்க, கடைசி வரைக்கும் படிச்சுட்டுச் சிரிங்க :)

மேட்டர் இதுதான். ஸ்பின்னிங் ரீல் வாங்கற எல்லாரும் அடுத்த நிமிஷம் கேக்கற கேள்வி: "எத்தனை பவுண்டு நரம்பு போடறது?" கடைக்காரர்லேர்ந்து வாட்ஸப் குரூப்பு அண்ணன்மார் வரைக்கும் எல்லாரும் சொல்ற பதிலும் ஒண்ணேதான்: "தடிசாப் போடு தம்பி, பெரிய மீன் மாட்டுனா அறுத்துட்டுப் போயிடும்." இவங்களுக்கு நான் வச்சிருக்கற பேரு 'தடிசாப் போடு கட்சி'. சுருக்கமா த.போ.க.

செட்டிகுளம் பக்கத்து ஏரி குளங்கள்ல இப்ப ரீலோட நிக்கற பசங்க ஜாஸ்தியாயிட்டாங்க. சந்தோஷம். ஆனா உள்ளங்கையில அடங்கற 2500 சைஸ் ரீல்ல, கடல்ல சுறா பிடிக்கற அளவுக்கு நரம்பைச் சுத்தி வச்சிருக்காங்க. கேட்டா த.போ.க. கொள்கை விளக்கம் சொல்றாங்க. அந்தக் கொள்கை தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. மீன் போகுதுங்கறது மட்டும் இல்லைங்க பிரச்சினை, ஏரிக்கும் அது கேடு. அதைக் கடைசியில சொல்றேன்.

த.போ.க.வின் வரலாறு

த.போ.க. முட்டாள்கள் கட்சி இல்லை. அவங்க சொல்றது ஒரு காலத்துல, ஒரு கருவிக்கு நூத்துக்கு நூறு சரி. அந்தக் கருவி மூங்கில் கம்பு.

மூங்கில் தூண்டில்ல கம்பு நீளத்துக்குத்தான் நரம்பு இருக்கும். நுனியில முடிச்சு, அந்தப் பக்கம் முள்ளு, நடுவுல தக்கை. மீன் கடிச்சா 'சுண்டி' இழுத்துக் கரையில போடணும். மீன் ஓடணும்னா கூடுதல் நரம்பு கொடுக்க வழியே இல்லை. சுண்டற வேகம், மீனோட துள்ளல், தண்ணிக்கு மேல தூக்கும்போது அதோட முழு எடை எல்லாத்தையும் அந்த மூணு மீட்டர் தங்கூஸ் நரம்புதான் தாங்கணும். ஒரு கிலோ கெண்டைக்கு மூணு நாலு கிலோ தாங்கற நரம்பு வேணும்னு தாத்தா சொன்னா அது அனுபவம். கைத்தூண்டில் போடற கடல்காரங்களுக்கும் இதே கதைதான். அங்க தடிச்ச நரம்பு கையை அறுக்காமலும் இருக்கும்.

ரீல் வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாயிடுச்சு. கருவியை மாத்துன நாம அறிவுரையை மட்டும் மாத்தாம வச்சிருக்கோம். மாட்டு வண்டிக்குச் சொன்ன யோசனையை மோட்டார் சைக்கிளுக்குச் சொல்றோம்.

பவுண்டுன்னா மீனோட எடை இல்லைங்க

பெட்டி மேல '10 பவுண்டு' அதாவது 4.5 கிலோன்னு போட்டிருந்தா, நாலரைக் கிலோ மீன் வரைக்கும்தான் பிடிக்கலாம்னு அர்த்தம் இல்லை. நரம்பை ரெண்டு பக்கமும் பிடிச்சு நேரா இழுத்தா, அந்த அளவு விசையில அறும்னு அர்த்தம். அம்புட்டுதேன்.

இப்ப தண்ணிக்குள்ள இருக்கற மீனை நினைச்சுப் பாருங்க. கெண்டைக்கு வயித்துக்குள்ள காத்துப்பை இருக்கு. தண்ணியில அதுக்கு எடையே கிட்டத்தட்ட கிடையாது, மிதக்குது. நரம்புல வர்ற விசை அது நீந்தி இழுக்கற விசை மட்டும்தான். அந்த விசையையும் முழுசா வாங்கணும்னு தலையெழுத்து இல்லை. ஏன்னா ரீல்ல 'டிராக்'னு ஒரு சமாச்சாரம் இருக்கு. ஸ்பூல் தலையில இருக்கற அந்தத் திருகு. குறிப்பிட்ட விசைக்கு மேல மீன் இழுத்தா ஸ்பூல் வழுக்கிச் சுத்தி நரம்பை விட்டுக் கொடுக்கும். மீன் ஓடும், களைக்கும், நின்னா நாம சுத்துவோம்.

பொதுவா எல்லாரும் ஒத்துக்கற கணக்கு: நரம்போட பலத்துல நாலுல ஒரு பங்குலேர்ந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் டிராக் வைக்கணும். 4.5 கிலோ நரம்புக்கு ஒண்ணேகால், ஒண்ணரைக் கிலோ. மீதி பலம் எல்லாம் முடிச்சுக்கும், திடீர் வெட்டுக்கும், கல்லுல உரசுனதுக்கும் சேமிப்பு. நைலான் தண்ணியில ஊறினா கொஞ்சம் பலம் குறையும், முடிச்சு போட்ட இடத்துல இன்னும் கொஞ்சம் குறையும். அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

'ஒண்ணரைக் கிலோவா? அது ஒரு விசையா?'ன்னு த.போ.க. அண்ணன் நக்கல் பண்ணுவார். வீட்டுல ஒரு சோதனை பண்ணச் சொல்லுங்க. ரீல் நரம்பை ராடு வளையம் வழியாக் கொண்டுபோய் ஒரு வாளியில கட்டுங்க. வாளியும் தண்ணியும் சேர்த்து ஒரு கிலோ வர்ற மாதிரி ஊத்தி, ராடைச் சாய்வாப் பிடிச்சு, ராடை மட்டும் வச்சுத் தூக்கிப் பாருங்க. அப்புறம் ரெண்டு கிலோ. ரெண்டுலயே மணிக்கட்டு 'வேணாம்டா சாமி'ன்னு கெஞ்சும். ஏழடி ராடு ஒரு நெம்புகோல், அதுல குட்டைப் பக்கம் நம்ம கையில, நெட்டைப் பக்கம் மீன்கிட்ட. மூணு கிலோவெல்லாம் முயற்சி பண்ணாதீங்க, ராடு உடைஞ்சா நான் பொறுப்பில்லை :)

ஆக, உங்களால ராடு வழியா ரெண்டு மூணு கிலோவுக்கு மேல இழுக்கவே முடியாது. அப்புறம் 22 கிலோ தாங்கற அம்பது பவுண்டு நரம்பு எதுக்கு? வாங்குன பலத்துல ஏழுல ஒரு பங்கு கூடப் பயன்படுத்த முடியாது. மீதி ஆறு பங்கு சும்மா சுமைதான்.

சும்மா இருந்தாப் பரவாயில்லையே

'இருந்துட்டுப் போகட்டுமே, அதிக பலம் கெடுதலா?'ன்னு கேப்பீங்க. கெடுதல்தான். மெக்கானிக்கல் படிச்சுட்டு இப்ப கம்ப்யூட்டர் முன்னாடி ஆணி புடுங்கிக்கிட்டு இருக்கேன். அந்தப் படிப்பு எனக்கு உருப்படியா உதவற ஒரே இடம் ஏரிக்கரை. அதனால கொஞ்சம் கணக்குப் பேச விடுங்க.

ஒரே ரக நைலான்ல 0.25 மி.மீ. நரம்பையும் 0.50 மி.மீ. நரம்பையும் எடுத்துக்கங்க. விட்டம் ரெண்டு மடங்கு.

1. பலம் விட்டத்தோட வர்க்கத்துல ஏறும். ரெண்டு மடங்கு விட்டத்துக்கு நாலு மடங்கு பலம். சுமாரா 4 கிலோ தாங்கினது 16, 17 கிலோ தாங்கும். த.போ.க. கைதட்டிக்கலாம்.

2. ஆனா வளையறதுக்குக் காட்டற முரண்டு, அதாவது விறைப்பு, விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். ரெண்டு மடங்கு விட்டம்னா பதினாறு மடங்கு விறைப்பு! சின்ன ஸ்பூல்ல சுத்தி வச்ச தடி நரம்பு ஸ்பிரிங் மாதிரி நிக்கும். பெயில் கம்பியைத் திறந்ததும் கொத்தாக் குதிச்சு வெளிய வரும். குருவிக்கூடு சிக்கல் ரெடி. அதைப் பிரிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்.

3. கொள்ளளவு விட்டத்தோட வர்க்கத்துல குறையும். ரீல்ல '0.25 - 200 மீ.'ன்னு போட்டிருந்தா 0.35 நரம்பு சுமார் 100 மீட்டர்தான் கொள்ளும், 0.50 வெறும் 50 மீட்டர். நாப்பது மீட்டர் வீசிட்டீங்கன்னா கையிருப்பு பத்து மீட்டர். அந்தப் 'பெரிய மீன்' ஒரு ஓட்டம் ஓடினா ஸ்பூல் காலி. யாருக்காகத் தடிசாப் போட்டீங்களோ, அவருக்கே வழியனுப்பு விழா!

4. வீச்சு. 7 கிராம் செயற்கை இரையால அந்த விறைப்பான நரம்பை ஸ்பூல்லேர்ந்து உருவிக்கிட்டுப் பறக்க முடியாது. காத்து எதிர்ல அடிச்சா காலுக்குப் பக்கத்துலயே விழும்.

இன்னொண்ணு. உங்க ராடு மேல பொடி எழுத்துல '6–12 பவுண்டு'ன்னு எழுதியிருக்கும், படிச்சிருக்கீங்களா? அது அலங்காரம் இல்லை. அந்த ராடை அந்த வரம்புக்குள்ள இருக்கற நரம்பை நினைச்சுத்தான் செஞ்சிருக்காங்க.

ஃபியூஸ் கதை

நம்ம பக்கம் எல்லா வெங்காயக் காட்டுலயும் ஒரு மோட்டார் கொட்டகை இருக்கு. அங்க நடக்கற கூத்தைப் பார்க்காதவங்க இருக்க மாட்டாங்க. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு, சன்னக் கம்பிக்குப் பதிலா நாலு இழை செப்புக் கம்பியை முறுக்கி ஃபியூஸ் கட்டையில செருகிடுவாங்க. அப்புறம் ஃபியூஸ் போகவே போகாது. நிம்மதி! மோட்டார் காயில் எரிஞ்சு, காயில் கட்டற கடைக்குத் தூக்கிட்டு ஓடற வரைக்கும்.

ஃபியூஸ் ஏன் சன்னமா இருக்கு? எங்கயாவது ஒண்ணு போய்த்தான் ஆகணும்னா, விலை குறைஞ்சது, மாத்தறதுக்குச் சுலபமானது போகட்டும்னு. எது முதல்ல போகணும்னு நாம முடிவு பண்றோம். பொறியியல்ல பாதி இதுதாங்க.

தூண்டிலும் ஒரு சங்கிலிதான். முள்ளு, முடிச்சு, முள்ளுக்கு முன்னாடி கட்டற 'லீடர்' துண்டு, நரம்பு, ராடு, ரீல், உங்க கை. எதையாவது ஒண்ணைப் பலவீனமா வச்சே ஆகணும். நரம்பைத் தடிச்சதாப் போட்டு டிராக்கையும் இறுக்கிட்டீங்கன்னா பலவீனம் மறையாது, வேற இடத்துக்குப் போகும். முள்ளு நிமிரும். மீன் வாய் கிழியும். ராடு நுனி உடையும். ரீல் பல்சக்கரம் தேயும். நாப்பது ரூபா நரம்பைக் காப்பாத்த மூவாயிரம் ரூபா ரீலைப் பலி கொடுக்கற கட்சி த.போ.க.

"பெரிய மீன் வந்தா என்ன பண்ணுவ?"

இதுதான் அவங்களோட பிரம்மாஸ்திரம். சரி, தூண்டில் சாதனைப் பட்டியல்லயே பெரிய மீனை எடுத்துக்குவோம். 1959-ல தெற்கு ஆஸ்திரேலியாவுல சிடூனா பக்கத்துல ஆல்ஃபிரட் டீன்ங்கறவர் தூண்டில்ல ஒரு வெள்ளைச் சுறாவைப் பிடிச்சார். 2,664 பவுண்டு, ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு மேல. நரம்பு 130 பவுண்டு ரகம். மீனோட எடையில இருபதுல ஒரு பங்கு! உலகத் தூண்டில் சாதனைகளைப் பதியற ஐ.ஜி.எஃப்.ஏ. அமைப்போட விதிப்படி அதைவிடத் தடிச்ச நரம்புல பிடிச்சா சாதனைப் பட்டியல்ல இடமே கிடையாது. கடல் ரீல் வேற, நம்ம ரீல் வேற, ஒத்துக்கறேன். ஆனா விகிதத்தைப் பாருங்க. நம்மாளு ரெண்டு கிலோ கட்லாவுக்கு 22 கிலோ நரம்பு போடறார். அவரு கணக்குப்படி அந்தச் சுறாவுக்கு 13 டன் தாங்கற வடம் வேணும்.

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம ஊருக்கே வாங்க. சென்னை மாகாணத்துல அதிகாரியா இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1887-ல ஏரி குளத்துத் தூண்டிலுக்குன்னே தனியா ஒரு புத்தகம் போட்டார். பேரு 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'. டூபாண்ட் கம்பெனி நைலானை உலகத்துக்கு அறிவிச்சது 1938-ல. அதாவது நைலான் வர்றதுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே, பட்டு நூலையும் பட்டுப்புழு குடல் இழையையும் வச்சு நம்ம ஏரிகள்ல ரீல் போட்டு மீன் பிடிச்சிருக்காங்க. இன்னிக்கு நம்ம கையில இருக்கற பத்து பவுண்டு நரம்பைப் பார்த்தா அவங்களுக்குப் பொறாமையா இருந்திருக்கும்.

எங்க மாவட்டத்து ஏரிகள்ல பாதி மானாவாரி. மழை பெஞ்சா நிறையும், கோடையில வத்தும். குத்தகைக்கு எடுத்தவர் குஞ்சு விட்டு, வத்தறதுக்குள்ள வலை போட்டு எடுத்துடுவார். அதுல தப்பிச்சு இருபது கிலோ வளர்ற கட்லாவுக்கு எத்தனை ஆயுசு கெட்டி வேணும்! மாட்டறது கால் கிலோ ஜிலேபி, அரைக் கிலோ கெளுத்தி, ஒண்ணு ரெண்டு கிலோ கெண்டை. கனவுல வர்ற மீனுக்கு நரம்பு போடாதீங்க மக்கா, ஏரியில இருக்கற மீனுக்குப் போடுங்க.

"அப்ப விராலுக்கு?"

நல்ல கேள்வி. இங்க மட்டும் த.போ.க.வுக்கு அரை மார்க் கொடுப்பேன்.

விரால் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர்லயும் ஆகாயத்தாமரைக்கு அடியிலயும் பதுங்கியிருக்கும். ரப்பர் தவளையைக் கவ்வினதும் திரும்பப் புதருக்குள்ளதான் பாயும். அங்க விட்டுக் கொடுத்தா கதை முடிஞ்சுது. டிராக்கை இறுக்கி, புதரோட சேர்த்து இழுத்துட்டு வரணும். அதுக்குப் பிரெய்டு நரம்புதான் சரி. பாலி எத்திலீன் இழைகளைப் பின்னினது அது. 20 பவுண்டு பிரெய்டு 0.23 மி.மீ. அளவுலதான் இருக்கும், 30 பவுண்டு 0.28. எட்டு, பத்து பவுண்டு நைலானோட தடிமன்தான். அதனால விறைப்பு, கொள்ளளவு பிரச்சினை எல்லாம் அங்க குறைவு.

ஆனா கவனிங்க, இங்கயும் பலத்தை முடிவு பண்றது மீனோட எடை இல்லை, புதர். அதே ஏரியில புல் பூண்டு இல்லாத மதகுப் பக்கம் ஜிலேபிக்கு உக்காந்தா அந்த 30 பவுண்டு வெட்டி. தவிர, பிரெய்டு இழுபடவே இழுபடாது. நைலான் கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கும், பிரெய்டு அப்படியே முள்ளுக்கு அனுப்பும். அதனால டிராக்கை இறுக்கறதுக்கும் ரீல் தாங்கற எல்லை உண்டு. சின்ன ரீல்ல அம்பது பவுண்டு பிரெய்டு சுத்தறதுக்கு இங்கயும் நியாயம் இல்லை.

ஏரி என்ன பாவம் பண்ணுச்சு?

இப்பத்தான் நிஜ சண்டைக்கு வர்றேன். தண்ணி வத்தின ஏரியில நடந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், உள்ள சீமைக்கருவேல முள்ளுக் கட்டைகள் எத்தனை கிடக்குன்னு. பத்து தடவை வீசினா ஒரு தடவை அதுல மாட்டும். எந்தக் கொம்பனுக்கும் மாட்டும்.

மாட்டினதுக்கு அப்புறம்தான் வித்தியாசம். பத்து பவுண்டு நரம்பு, அதைவிடச் சன்னமா எட்டு பவுண்டுல ஒரு முழம் லீடர்னு வச்சுக்குவோம். ராடை நரம்புக்கு நேரா நீட்டி, ஸ்பூலை அழுத்திப் பிடிச்சுப் பின்னாடி நடந்தா முள்ளுக்கிட்ட அறும். ஏரியில விட்டுட்டு வர்றது ஒரு முள்ளும் ஒரு முழ நரம்பும். அம்பது பவுண்டு நரம்புல இதைச் செஞ்சு பாருங்க. அறாது. 22 கிலோ விசை கையால கொடுக்க முடியாது. கையில சுத்தி இழுத்தா பிரெய்டு விரலைக் கத்தி மாதிரி அறுத்துடும், தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அப்புறம் என்ன செய்வாங்க? ரீல் பக்கத்துலயே பிளேடு வச்சு வெட்டிட்டு, அடுத்த ஸ்பூலைப் போட்டுட்டு நகர்ந்துடுவாங்க. முப்பது நாப்பது மீட்டர் நரம்பு ஏரிக்குள்ள!

அது மக்காது. தண்ணி வத்தினதும் அதே இடத்துல ஆடு மேயுது, பசங்க கிரிக்கெட் ஆடறாங்க. வெறுங்கால்ல நடக்கறவங்களுக்கும், புல்லோட சேர்த்து முழுங்கற ஆட்டுக்கும் அந்த நரம்பு கண்ணுக்குத் தெரியாது. கொக்கு, நாரை காலைச் சுத்திச்சுன்னா அதோட கதை அவ்வளவுதான், உதற உதற இறுகும். நல்ல நரம்புக்கு என்ன குணம்னு விளம்பரம் பண்றாங்களோ, அதே குணம்: கண்ணுக்குத் தெரியாது, அறாது.

அரியலூர் பக்கம் இருக்கற கரைவெட்டி 1999-லேர்ந்து பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துடுச்சு. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்கற இடம். அங்க தூண்டில் போடற பேச்சுக்கே இடமில்லை. ஆனா அங்க தங்கற நாரைக்கும் கொக்குக்கும் சரணாலய எல்லைக்கல் எங்க இருக்குன்னு தெரியுமா? சுத்துப்பட்டு ஏரிக்கெல்லாம்தான் இரை தேடிப் போகும். அங்க நம்ம ஆளுங்க வெட்டிப் போட்ட நரம்பு காத்திருக்கு.

'நரம்பு அறுந்தா அவமானம்'னு நினைக்கறதுதான் த.போ.க.வோட அடிப்படை நோய். சரியான இடத்துல அறும்படி கட்டறதுதான் கெட்டிக்காரத்தனம்.

சரி, என்னதான் போடறது?

திட்டிட்டு மட்டும் போனா நல்லா இருக்காது. 2500–3000 ரீல், ஏழடி ராடுன்னு வச்சுக்கிட்டு என் சிபாரிசு:

- திறந்த தண்ணியில ஜிலேபி, சின்னக் கெண்டை, கெளுத்தி: நைலான் 8–10 பவுண்டு, 0.25 மி.மீ. பக்கம்.
- கட்டை, கல்லு இருக்கற இடத்துல ரோகு, கட்லா: நைலான் 12–15 பவுண்டு, 0.30–0.35. இதுக்கு மேல இந்த ரீலுக்கு வேண்டாம்.
- புதர்ல விரால்: பிரெய்டு 20–30 பவுண்டு, முன்னாடி அதைவிடக் குறைஞ்ச பலத்துல ஒரு லீடர். ஸ்பூல்ல முதல்ல கொஞ்சம் நைலான் சுத்திட்டு அதுமேல பிரெய்டு சுத்துங்க, இல்லைன்னா வெறும் ஸ்பூல்ல வழுக்கும்.
- எதுவா இருந்தாலும் ராடுல எழுதியிருக்கற வரம்பைத் தாண்டாதீங்க. ஸ்பூல் விளிம்புக்கு ரெண்டு மி.மீ. கீழ வரைக்கும் நிரப்புங்க.
- டிராக்கைக் கைக்கணக்குல வைக்காதீங்க. பெட்டி எடை பார்க்கற தொங்கு தராசை நரம்பு நுனியில மாட்டி இழுத்து, மூணுல ஒரு பங்குக்குள்ள வைங்க. புதர் விராலுக்கு மட்டும் இன்னும் இறுக்கலாம், ரீல் தாங்கற அளவுக்கு.
- முடிச்சை எச்சில்ல நனைச்சு இறுக்குங்க. நுனி ஒரு முழம் சொரசொரப்பா இருந்தா வெட்டிடுங்க. வெட்டினதைப் பாக்கெட்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு வாங்க.
- ஏலம் எடுத்தவர்கிட்டக் கேட்டுட்டுத் தூண்டில் போடுங்க. அவர் காசு போட்டு விட்ட மீன் அது.

த.போ.க. நண்பர்கள் யாராவது மறுக்கணும்னா தாராளமா வாங்க. ஒரே நிபந்தனை, கையில அந்த ரெண்டு கிலோ வாளியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே பேசணும். எவ்வளவு நேரம் பேசறீங்கன்னு பார்த்துடலாம் :)

டிஸ்கி: இந்தப் பதிவு எழுதினதுல எந்த மீனுக்கும் தீங்கு நேரவில்லை. ஒரு ஃபியூஸ் கட்டை மட்டும் லேசா சூடாச்சு.